சோதித்துப் பார்த்தவர்

சந்தரேம்,
பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணன் ஒத்தோனியேலுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். மழையைத் தவிர வேறு குறை கிடையாது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அந்தக் குளிரூரில் நாற்காலியை விட்டு எழுந்தால்தானே அது சரியாகும். நீ குரிச்சிபாவில் என்ன வேலை பார்க்கிறாய் என்று பக்கத்து வீட்டில் கேட்டால், அம்மா "டிஸ்க் கழுவுறான்" என்று சொல்லிவிடுகிறாள். நான் திருத்துவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிப் படகு உனக்கு மறந்திருக்கும். டாக்டர் வால்தெனிசி அம்மாவின் படகு. ஆறு வருடமாக தபஜோஸ் ஆற்றோரம் ஏழு கிராமங்களில் ஒவ்வொருவர் தலையிலிருந்தும் முடி வெட்டி எடுத்து, அதில் எவ்வளவு பாதரசம் ஏறியிருக்கிறது என்று அளந்து வருகிறோம். மேலே தங்கம் தோண்டுகிறவர்கள் ஆற்றில் கொட்டுவதை மீன் தின்கிறது, மீனை இவர்கள் தின்கிறார்கள். ஆகஸ்ட் 20-ஆம் தேதி பெலேமில் விசாரணை. ஆறு வருடத்து அளவுகளும் மூலமாக ஒன்று, நகலாக ஒன்று என்று கையில் வேண்டும் என நீதிபதி சொல்லிவிட்டார். நகல் இல்லாத கிராமம் வழக்கில் இல்லை.

கிராமத்துக்கு ஒரு டிஸ்க், ஆக ஏழு. மூடிப்போன ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணினிகளிலிருந்து கழற்றிக் கொடுத்தவை. நகல் எடுக்க அதே குவியலிலிருந்து ஏழு காலி டிஸ்க் வைத்திருக்கிறேன். அவற்றைத் துடைத்து ஃபார்மேட் செய்ய உன்னுடைய லிம்பா நிரலை ஓட்டினால், ஓடத் தொடங்கிய மறு நொடி விழுந்து சாகிறது. ஏழிலும் அப்படியே. டிஸ்க்கைத் தொடுவதற்கு முன்பே விழுகிறது. நீதானே அதை எழுதினாய், கொஞ்சம் பார்.

அம்மா நீ சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள்.

உன் தங்கை,
இராசில்டா


குரிச்சிபா,
பிப்ரவரி 9

இராசில்டாவுக்கு,

சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல். முழங்காலைப் பற்றி மருத்துவரிடம் பேசிக்கொள்கிறேன். உனக்கு ஆஸ்துமா குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உன் மின்னஞ்சலின் அடியில் ஒரு பச்சைக்கிளிப் படம் இறக்கை அடித்துக்கொண்டிருக்கிறது. என்ன அசிங்கம் அது. பதினெட்டு வருடமாக நான் லிம்பாவின் பொறுப்பாளர். லிம்பாவைப் பற்றிப் பேச ஒரு பொது மின்னஞ்சல் குழு இருக்கிறது. அங்கே வெறும் எழுத்தில், படம் இல்லாமல், வரிக்கு எழுபத்திரண்டு எழுத்துக்கு மேல் போகாமல் எழுத வேண்டும். ஜப்பான்காரன் அப்படித்தான் எழுதுகிறான், பின்லாந்துக்காரன் அப்படித்தான் எழுதுகிறான். கிளியோடு வருகிற முதல் ஆள் என் வீட்டிலிருந்துதான் வர வேண்டுமா?

பாதி உலகம் லிம்பாவை வைத்து டிஸ்க் ஃபார்மேட் செய்கிறது. எவனுக்கும் விழாத கருவி உன் படகில் விழுகிறது என்றால், ஆடுவது படகுதான். கேபிளைப் பிடுங்கி மாட்டிப் பார். கையில் மீன் எண்ணெய் இருந்தால் துடைத்துவிட்டு மாட்டு. அப்படியும் விழுந்தால் எந்த வரியில் விழுகிறது என்று கண்டுபிடித்துக் குழுவுக்கு எழுது. "விழுந்து சாகிறது" என்பதெல்லாம் சந்தையில் பேசுகிற பேச்சு.

ஒத்தோனியேல்


சந்தரேம்,
மார்ச் 2

லிம்பாவின் பொறுப்பாளர் அவர்களுக்கு (குழுவினர் அனைவருக்கும் நகல்),

தாங்களும் தங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் முதல் இரண்டு கடிதங்களைக் குழுவின் இயந்திரம் திருப்பி அனுப்பிவிட்டது. கிளியைக் கொன்றுவிட்டேன். கேபிளை மூன்று முறை மாற்றினேன். கையையும் கழுவினேன்.

லிம்பா டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும் தலைப்பைப் படித்ததும், இது எந்த வகை என்று தன்னிடம் இருக்கும் பட்டியலைக் கேட்கிறது. பட்டியல் அந்த வகையின் விவரம் எங்கே இருக்கிறது என்று ஒரு முகவரி கொடுக்கிறது. எங்கள் டிஸ்க்குகளில் இருப்பது அந்தக் கூட்டுறவுச் சங்கத்துக் காலத்துப் பழைய தலைப்பு. பட்டியலில் அது இல்லை. எனவே பட்டியல் முகவரி இல்லாத வெறும் சீட்டை நீட்டுகிறது. நல் பாயிண்டர் என்று தாங்கள் அழைப்பது இதைத்தான். தங்கள் நிரல் சீட்டில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்காமலே கிளம்பிப் போகிறது, கால் வைக்க இடமில்லாமல் விழுகிறது. 418-ஆம் வரி. அதை எழுதியவர் பெயரும் அங்கேயே இருக்கிறது.

என் யோசனை இது. சீட்டு வெறுமையாக வந்தால், "இந்த டிஸ்க்கில் எனக்குத் தெரியாத ஏதோ இருக்கிறது, துடைக்கவா?" என்று கருவி கேட்க வேண்டும். ஆம் என்று சொன்னால் மட்டும் துடைக்க வேண்டும். பதினொரு வரி. இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்போதைக்கு ஒவ்வொரு காலி டிஸ்க்கின் தலைப்பையும் கையால் அழித்துவிட்டு, பிறகு லிம்பாவை ஓட்டுகிறேன். ஒரு டிஸ்க்குக்கு மூன்று நாள் ஆகிறது, ஒவ்வொரு முறையும் எந்த டிஸ்க் என்று மூன்று தடவை சரிபார்க்க வேண்டியிருப்பதால்.

பணிவுடன்,
இராசில்டா, ஆஸ்பத்திரிப் படகு


சந்தரேம்,
ஏப்ரல் 11

அண்ணா,

சுகம்தானே? அம்மாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது எழுந்து நடமாடுகிறாள். ஆறு எங்கள் படிக்கட்டு வரை வந்துவிட்டது.

நாற்பது நாள் ஆயிற்று. குழுவில் யாரோ ஒருவர் "ஆற்றங்கரையிலிருந்து பதினொரு வரி" என்று எழுதிச் சிரித்தார். இன்னொருவர் அதற்கு மேல் சிரித்தார். பொறுப்பாளர் மட்டும் வாயே திறக்கவில்லை. நான் மூன்று கிராமங்களுக்கு நகல் எடுத்துவிட்டேன். இன்னும் நான்கு பாக்கி. இதற்கு நடுவே படகோடு ஊர் ஊராகவும் போக வேண்டும்.

படித்தாயா, இல்லையா? அதை மட்டும் சொல்.

இராசில்டா


குரிச்சிபா,
ஏப்ரல் 19

இராசில்டாவுக்கு,

அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் உடனே சொல்ல வேண்டும், டிஸ்க்கோடு சேர்த்துச் சொல்லக் கூடாது. எனக்கு ஒன்றும் இல்லை. பைன் கொட்டை வந்துவிட்டது, தினமும் அவித்துத் தின்கிறேன்.

மேலோட்டமாகப் பார்த்தேன். 418-ஆம் வரி என்பது சரி. குருட்டாம்போக்கில் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறாய். ஆனால் அந்தப் பதினொரு வரி இருக்கிறதே, அது குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற வேலை. கேட்கவா, துடைக்கவா, நிச்சயமா என்று கருவி கொஞ்சிக்கொண்டிருக்க முடியாது. காலையில் காபி ஆறுவதற்குள் இரண்டே வரியில் திருத்திவிட்டேன். சீட்டு வெறுமையா? அப்படியானால் பட்டியலில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். ஒன்றும் இல்லையென்றால் டிஸ்க் காலி. மேலே போ. அவ்வளவுதான். அழகு என்றால் இது.

மே மாதப் பதிப்பில் வெளிவரும். திருத்தத்தின் அடியில், குறை சொன்னவர் என்று உன் பெயரைப் போடவில்லை. வழக்கப்படி அங்கே எழுதியவர், குறை சொன்னவர், சோதித்துப் பார்த்தவர் என்று பெயர்கள் வர வேண்டும், தெரியும். ஆனால் பொறுப்பாளரும் அதே வீட்டுப் பெயர், குறை சொன்னவரும் அதே வீட்டுப் பெயர் என்றால் ஊர் சிரிக்கும். பெயருக்கு ஆசைப்படாதே.

ஒத்தோனியேல்


சந்தரேம்,
மே 6

அண்ணா,

அம்மா தேறிவிட்டாள். பைன் கொட்டை வயிற்றைக் கட்டும், தண்ணீர் குடி.

பெயரை நீயே வைத்துக்கொள். எனக்கு அதில் ஒரு அக்கறையும் இல்லை. அந்த இரண்டு வரியை எடுத்துவிடு. எனக்குத் தெரியாதது என்பதும் இல்லாதது என்பதும் ஒன்றா? உனக்குத் தெரியாதவை எத்தனையோ இந்த உலகத்தில் இருக்கின்றன, அதில் ஏழு என் மேசை மேல் இருக்கின்றன.

நான் சொல்வதை இந்த ஒரு தடவை மெதுவாகப் படி. எங்களுடைய காலி டிஸ்க்கிலும் பழைய தலைப்பு, ஆறு வருடத்து அளவுகள் இருக்கிற டிஸ்க்கிலும் அதே பழைய தலைப்பு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் ஒரே கணினியில் மாட்டித்தான் நகல் எடுக்க முடியும். கணினி ஒன்றைப் "பி" என்கிறது, மற்றதைச் "சி" என்கிறது. அணைத்துப் போட்டால் பி சியாகிறது, சி பியாகிறது. உன் தொழிலில் இருக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது இதில் மாட்டியிருப்பார்கள், நீயும் மாட்டியிருப்பாய், சொல்லமாட்டாய். இத்தனை நாள் தப்பாகச் சொல்லியிருந்தாலும் லிம்பா விழுந்து தொலைத்தது, டிஸ்க் பிழைத்தது. இனிமேல் விழாது. கேட்கவும் கேட்காது. துடைத்துவிட்டு நன்றி சொல்லும்.

விழுகிற கருவியே எனக்குப் போதும். புதுப் பதிப்பை நான் ஏற்றப்போவதில்லை.

இராசில்டா


குரிச்சிபா,
ஜூன் 3

இராசில்டாவுக்கு,

இங்கே காலையில் உறைபனி. உடம்பு பரவாயில்லை. அம்மாவைக் குளிர்ந்த தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று சொல்.

எனக்கு எழுதுகிற தொனியை மாற்றிக்கொள். பெலேமில் இரண்டு வருடம் பாலிடெக்னிக் படித்துவிட்டு, பதினெட்டு வருடமாக இதையே செய்கிறவனுக்கு டிஸ்க் எது என்று சொல்லித் தருகிறாய். பி எது, சி எது என்று தெரியாதவர்கள் ஃபார்மேட் செய்யக் கூடாது. கத்தியைப் பிடிக்கத் தெரியாதவனுக்காக நான் மொட்டைக் கத்தி செய்து தர முடியாது.

புதுப் பதிப்பு வெளிவந்து மூன்று வாரம் ஆகிறது. ஒரு முணுமுணுப்பு இல்லை. அக்டோபரில் போர்ட்டோ அலெக்ரி கூட்டத்தில் தொடக்க உரை நிகழ்த்த என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். நீ மட்டும்தான் இன்னும் 418-லேயே நிற்கிறாய்.

உன் பிடிவாதத்தால் வழக்கு கெட்டுப்போனால் அந்தப் பழியும் என் கருவி மேல்தான் விழும். அதனால் உன் டாக்டர் வால்தெனிசிக்கு நானே நேற்று எழுதிவிட்டேன். கருவி திருத்தப்பட்டுவிட்டது, புதுப் பதிப்பை ஏற்றினால் மூன்று நாள் வேலை பத்து நிமிடத்தில் முடியும், என் தங்கை வீணாகப் பயப்படுகிறாள், நான் உத்தரவாதம் என்று எழுதினேன். உடனே நன்றி சொல்லிப் பதில் போட்டார். படித்தவர்களோடு பேசுவது எவ்வளவு சுலபம்.

ஒத்தோனியேல்


குரிச்சிபா,
ஜூலை 25

இராசில்டாவுக்கு,

நான் எழுதி ஏழு வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். நீ வேலையாக இருக்கிறாய் என்றாள், பிறகு பேச்சை மாற்றிவிட்டாள். உடம்பு சரியில்லை என்றால் சொல். கோபம் என்றால் அதையும் சொல், ஆனால் சுருக்கமாக.

உன் டாக்டரும் அதற்குப் பிறகு எழுதவில்லை. வேலை முடிந்தால் இவர்களுக்கு நம் நினைவு எங்கே வரப்போகிறது.

முழங்காலில் ஊசி போட்டார்கள். நடக்கிறேன்.

ஒத்தோனியேல்


குரிச்சிபா,
ஆகஸ்ட் 9

அன்புள்ள தங்கை இராசில்டாவுக்கு,

நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே வெயில் தொடங்கியிருக்கும். நான் நலம்.

ஒரு சின்னக் காரியம். ரெசிஃபியில் ஜூசிமார் என்று ஒருவன் இருக்கிறான், குழுவுக்கு வந்து நான்கு வருடம்கூட ஆகவில்லை. என் திருத்தத்தைத் தோண்டி எடுத்து, அதன் அடியில் பொறுப்பாளர் பெயரைத் தவிர வேறு பெயரே இல்லையே, குறை சொன்னவர் இல்லை, சோதித்தவர் இல்லை, விதி எல்லோருக்கும் ஒன்றுதானே என்று கேட்கிறான். இரண்டு ஊரில் யாரோ டிஸ்க்கைத் தவறுதலாகத் துடைத்துக்கொண்டார்களாம், அதையும் என் தலையில் கட்டப் பார்க்கிறான். கை நடுங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. குழுவில் இருக்கிற மற்ற மண்டூகங்களும் அவன் பின்னால் தலையாட்டுகின்றன. பொறுப்பாளரை மாற்றலாமா என்று ஒரு வாக்கெடுப்பு வைக்கப்போகிறார்களாம். என்னை.

நீ அந்தத் திருத்தத்தைப் பயன்படுத்தி வேலையை முடித்திருப்பாய். "சோதித்துப் பார்த்தவர்: இராசில்டா" என்று ஒரே ஒரு வரி குழுவுக்கு எழுதிப் போடு. விதிப்படி அது போதும், அவன் வாயை அடைத்துவிடலாம். உன் பெயர் வரவில்லை என்று உனக்கு அப்போது வருத்தம் இருந்ததே, இப்போது வருகிறது.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ஒத்தோனியேல்


சந்தரேம்,
ஆகஸ்ட் 16

அண்ணா,

இங்கே எல்லோரும் சுகம். வெயில் தொடங்கிவிட்டது, ஆறு இறங்கிவிட்டது. இந்த வருடம் அசாயிப் பழம் நன்றாக இருக்கிறது. அம்மா உன்னைக் கேட்டாள். ஊசிக்குப் பிறகு மாடிப்படி ஏறாதே.

விசாரணை இருபதாம் தேதி. அது முடிகிற வரையில் எதைப் பற்றியும் யாருக்கும் எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார்.

இராசில்டா


குரிச்சிபா,
ஆகஸ்ட் 19

இராசில்டாவுக்கு,

உன் கடிதத்தில் அசாயி இருக்கிறது, ஆறு இருக்கிறது, நான் கேட்ட வரி இல்லை. ஒரே ஒரு வரிக்கு வழக்கறிஞரைக் கேட்கிற அளவுக்கு நீ பெரிய ஆளாகிவிட்டாய். வாக்கெடுப்பு செப்டம்பர் மூன்றாம் தேதி. உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை, அதை நினைத்துப் பார்.

டிஸ்க்குகள் சரியாகத்தானே இருக்கின்றன? டாக்டர் புதுப் பதிப்பை ஏற்றினாரா, இல்லையா? கேட்டதற்குப் பதில் சொல்.

நலமாக இரு.

ஒத்தோனியேல்


சந்தரேம்,
செப்டம்பர் 2

அண்ணா,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். அவள் சுகம். எனக்கு ஆஸ்துமா திரும்ப வந்திருக்கிறது.

ஜூன் மூன்றாம் தேதி விடியும் முன்பே நான் சிறு படகில் மேலே போனேன். இரண்டு வாரம் சிக்னல் இல்லாத இடம். ஆறு கிராமங்களுக்கு நகல் எடுத்தாயிற்று, ஏழாவது ஜெனிபாப்பு மட்டும் பாக்கி. அந்த டிஸ்க்கையும் காலி டிஸ்க்கையும் கணினியில் மாட்டி வைத்துவிட்டு, வந்து முடிக்கலாம் என்று போனேன். எது பி, எது சி என்று ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டியும் வைத்தேன். பன்னிரண்டாம் தேதி டாக்டர் உன் புதுப் பதிப்பை ஏற்றினார். ஏற்றியதும் கணினி தன்னை அணைத்துப் போட்டுக்கொண்டது. அவர் காகிதத்தைப் பார்த்து, காலி டிஸ்க் என்று அதில் எழுதியிருந்தபடியே "சி" என்று கொடுத்தார். அதற்குள் ஜெனிபாப்புவின் பி சியாகியிருந்தது. டாக்டருக்கு நீ எழுதியது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, நான் திரும்பி வந்துதான் உன் ஜூன் கடிதத்தையே படித்தேன்.

நான் வந்தபோது டாக்டர் மேசையை விட்டு எழவில்லை. முப்பது வருடம் இந்த ஆற்றில் பிரசவம் பார்த்த கை, மேசை மேல் அப்படியே கிடந்தது. "நீ வர்றதுக்குள்ள முடிச்சு வைக்கலாம்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "உங்க அண்ணன்தானம்மா உத்தரவாதம்னு எழுதினாரு. எதுவுமே கேக்கலையே அது. ஒரு வார்த்த கேட்டிருந்தா நிறுத்தியிருப்பேனே" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கு இருந்த கோபம் முழுக்க ஒரே ஆளுக்குத்தான் போயிற்று, மிச்சம் வைக்காமல்.

பெலேமில் இரண்டு நிபுணர்களிடம் டிஸ்க்கைக் கொடுத்துப் பார்த்தோம். ஒன்றும் திரும்பவில்லை. சுத்தமாகத்தான் துடைக்கிறது உன் கருவி, அந்தப் பெருமையை உனக்குக் கொடுக்கிறேன். விசாரணையில் ஆறு கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். ஜெனிபாப்புவைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். இப்போது திரும்ப முடி வெட்டி எடுத்தால் இந்த மாதத்து அளவுதான் தெரியும். ஆறு வருடம் அவர்கள் எதைத் தின்றார்கள் என்பது இனிமேல் யாருக்கும் தெரியாது.

இதைச் சொல்ல நானேதான் ஜெனிபாப்புவுக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். தேவுசரீனா என்ற அம்மாள், ஆறு வருடமும் தன் நான்கு பிள்ளைகளையும் வரிசையில் முதலில் கொண்டுவந்து நிறுத்துகிறவள், என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. "அப்ப எங்க பேரு எங்கயுமே இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். திரும்பிப் படகில் ஏறும்போதுதான் நீ அந்த ஒரு வரி கேட்ட கடிதம் ஞாபகம் வந்தது. அப்படியே இறங்கிவிட்டேன்.

உன் குழுவில் ஒரு தடவை எழுதியது எழுதியதுதான், பொறுப்பாளர் நினைத்தாலும் அழிக்க முடியாது என்று நீயே பெருமையாகச் சொல்வாய். அதை அவர்களுக்கு விளக்கினேன். உங்கள் பெயரை அங்கே போடட்டுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். குழந்தைகளுக்குத் தாய் தகப்பனிடம் கேட்டேன். எழுதி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள், அவர்களை விட்டுவிட்டேன்.

நீ ஒரு வரி கேட்டாய். இன்று காலை குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன், உனக்கு நகல் கீழே. வாக்கெடுப்புக்கு ஒரு நாள் முன்னாடியே வந்துவிட்டது, நிதானமாகப் படிக்கலாம். மேலோட்டமாகப் பார்க்காதே, ஒவ்வொரு பெயராகப் படி. இதற்கு மேல் எனக்கு எழுத வேண்டாம். அம்மாவுக்கு எழுது, அவள் உன்னைப் பெற்றவள், அவளுக்கு வேறு வழியில்லை.

இராசில்டா


திருத்தம்: 418-ஆம் வரி, இரண்டு வரிகள்.
எழுதியவர்: ஒத்தோனியேல்.
சோதித்த நாள்: ஜூன் 12.
சோதித்த டிஸ்க்: ஏழாவது. ஜெனிபாப்பு கிராமம், ஆறு வருடம்.
முடிவு: கருவி விழவில்லை.
சோதித்துப் பார்த்தவர்: தேவுசரீனா, ஜெனிபாப்பு.
சோதித்துப் பார்த்தவர்: எலியேசர், வயது பதினொன்று, ஜெனிபாப்பு.
சோதித்துப் பார்த்தவர்: சுவேலி, வயது ஒன்பது, ஜெனிபாப்பு.
சோதித்துப் பார்த்தவர்: ஒசியேல், வயது ஏழு, ஜெனிபாப்பு.
சோதித்துப் பார்த்தவர்: நைல்சா, வயது ஆறு, ஜெனிபாப்பு.
(இதன் கீழே இன்னும் இருநூற்று நான்கு வரிகள்.)